நடக்கத் தெரியாத டீச்சர்

கால்குலஸ் நடத்த வந்தவள் எதற்குப் பிள்ளைகளை நடக்க விடுகிறாள்? கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீன் கோடேஸ்வர ராவுக்கு ஒரு இழவும் புரியவில்லை.

விஜயவாடாவில் இருக்கும் அவருடைய இன்டர் காலேஜில், அதாவது பிளஸ் டூ காலேஜில், வேலை கேட்டு வந்திருந்தாள் சிரிஷா. இன்று டெமோ வகுப்பு. இது தேறினால்தான் வேலை.

மேஜைமேல் சின்னதாக ஒரு சென்சார். எதிரே நடப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று அது பார்க்கும், திரையில் கோடு விழும். மாதிரிக்கு ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது. முதலில் ஏற்றம், அப்புறம் சமதளம்.

"இதே மாதிரி கோடு வரணும். யாரு நடக்கறீங்க?"

லஹரி எழுந்தாள். காலேஜ் வாசல் பேனரில் முதல் ரேங்க் என்று சிரிப்பது அவள்தான். டெரிவேட்டிவ் என்றால் பேனாவே நிற்காது.

சென்சாரை விட்டு விலகி நடந்தாள். மாதிரிக் கோட்டில் சமதளம் வந்தது. அப்போதும் நடந்துகொண்டே இருந்தாள். கோடு ஏறிக்கொண்டே போனது.

"பேனர் சுவத்துல முட்டப்போகுதுடோய்!" என்று ஒரு பையன் கத்தினான்.

வகுப்பே சிரித்தது. லஹரிக்குக் கால் தடுமாறியது. இன்னும் நாலடி நடந்தவள், முகம் செத்துப்போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இரும்மா! இதென்ன பெரிய வித்தை? நான் நடக்கறேன் பாரு."

சிரிஷா நடந்தாள். அட, அவளும் சமதளத்தில் நிற்கவில்லை!

"அய்யய்யோ, எனக்கும் போச்சே! எங்க தப்பு? சொல்லுங்கப்பா."

சிரிப்பு அடங்கிவிட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள். வாசலிலிருந்து லஹரிதான் கத்தினாள். "மேடம், அங்க தூரம் மாறவே இல்ல! வேகம் பூஜ்யம். சும்மா நிக்கணும்!"

"அப்படிப் போடு!"

மணி அடித்தது. டீன் முன்னால் வந்தார்.

"என்னம்மா, டெமோவுலயே இப்படி உளறினா எப்படி? வீட்டுல ஒரு தடவை பார்த்துட்டு வரக்கூடாதா?"

சிரிஷா வாயைத் திறந்தாள். வாசலிலிருந்து திரும்பி வந்த லஹரி பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

"தப்புதான் சார்."

"அப்ப நீங்க கிளம்பலாம்."

வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். வேலை போனவள் முகத்தில் ஏன் வருத்தமே இல்லை? டீனுக்கு மண்டை குழம்பியது.

திரையை அணைக்கப் போனார். லஹரி நடந்தது சிவப்புக் கோடு. சிரிஷா நடந்தது நீலம். சிவப்பைக் காணவே காணோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். நீலத்துக்கு அடியிலேயே இருந்தது சிவப்பு. கால் தடுமாறிய இடத்தில்கூட இரண்டிலும் ஒரே நெளிவு.

ஜன்னலுக்கு ஓடி, கேட்டில் நின்ற வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"யாதகிரி! அந்த மேடத்தைக் கேட்டைத் தாண்ட விடாதே, கூட்டிட்டு வா! தெரியாதவங்களுக்கு இவ்வளவு சரியாத் தப்புப் பண்ண வருமாய்யா?"