முன்னால் போன சின்னது

இரண்டு செயற்கைக்கோள்கள் ஒரே பாதையில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தன. பெரியது முன்னால் போகும், சின்னது பின்னால் வரும். சின்னதுக்கு அது பிடிக்கவே இல்லை.

ஒருநாள் வடதுருவத்துப் பக்கமிருந்து காற்று மூச்சிரைக்க ஓடிவந்தது. அந்த உயரத்தில் இவ்வளவு காற்று வருவது அபூர்வம்.

"சூரியன் கிளப்பிவிட்ட புயல் துருவத்தில் இறங்கியிருக்கிறது. அங்கே நிற்க முடியவில்லை, அப்படியொரு சூடு. சூட்டில் உப்பி இவ்வளவு மேலே வந்துவிட்டேன். உங்கள்மேல் உரசாமல் போக வழியில்லை" என்றது காற்று.

பெரியது உடனே கொஞ்சம் எரிபொருளை எரித்துத் தன் உயரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. "நீயும் எரி தம்பி" என்றது.

"வீண் செலவு" என்றது சின்னது.

காற்று உரச உரச அது கீழே இறங்கியது. கீழே போகப் போகச் சுற்றும் பாதை குறுகும், வேகம் கூடும். சீக்கிரமே சின்னது பெரியதைத் தாண்டிவிட்டது.

"அண்ணே, இப்போது யார் முன்னால்?"

"நீதான். ஆனால் கொஞ்சம் கீழே பார்."

"இந்த வேகத்தில் கீழே பார்க்க ஏது நேரம்?"

புயல் ஓய்ந்தது. காற்று ஆறி, சுருங்கி, பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. ஏற்கெனவே தாழ்ந்துபோயிருந்த சின்னது மேலும் மேலும் இறங்கி, சில வாரங்கள் கழித்து அங்கேயே வந்து சேர்ந்தது.

"நீ எங்கே இங்கே?" என்றது காற்று.

"வழியை விடு. நான்தான் எல்லாருக்கும் முன்னால். பார், இப்போது உடம்பெல்லாம் ஜொலிக்கக்கூடச் செய்கிறது."