கை நனைக்காமல் ஒரு காபி

லாட்டேக்கும் கேப்புச்சினோவுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

செபாஸ்டின் முகம் சுளிக்கவில்லை. கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்துக் கவுண்டர் மேல் வைத்தான். அடியில் விரல் வைத்து டிக்காஷன் இவ்வளவு என்றான். விரலை மேலே நகர்த்திப் பால் இவ்வளவு என்றான். நுரை கெட்டியாக நின்றால் கேப்புச்சினோ. பால் கூடி, நுரை மெல்லிசாக இருந்தால் லாட்டே.

எனக்குப் பின்னால் வரிசையில் ஐந்து பேர். சிவப்புக் குல்லாய் போட்ட ஆள் ஒருவர், ஏரி பார்க்க மலையேறி வந்தவர் போல, உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தார்.

கொட்டட்டும். அவருக்கு ஒரு காபிதான் தாமதம். எனக்கு என் மகள் வாழ்க்கை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தச் செபாஸ்டின் வீட்டார் பெண் கேட்டு நாகலூருக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகள் ஃபெபி, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். என் வீட்டுக்காரர், காபி ஆத்துறவனுக்கா பொண்ணு என்று இரண்டு நாள் குதித்துவிட்டு, முடிவை என் தலையில் கட்டிவிட்டு ஜீப் ஓட்டப் போய்விட்டார்.

ஆளை நான் நேரில் பார்த்ததில்லை. அதனால் யாரிடமும் சொல்லாமல் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். சட்டையில் பெயர் குத்தியிருந்தது, கண்டுபிடிக்கச் சிரமமில்லை.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு பெண் வீட்டு நாற்காலியில் உட்காரும்போது எவனும் தங்கக்கம்பிதான். வேலை நெருக்கும் நேரத்தில், ஒன்றும் தெரியாத பொம்பளை ஒருத்தி வந்து உயிரை வாங்கினால் எப்படிப் பேசுவான்? அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

ஒன்றும் தெரியாதவளாக நடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எஸ்டேட் களத்தில் இருபத்திரண்டு வருடமாகக் காபிக் கொட்டை காயப்போடுகிறேன். கையில் அள்ளினாலே எத்தனை நாள் வெயில் பாக்கி என்று சொல்லிவிடுவேன். ஆனால் சுவரில் தொங்கிய பலகையில் ஒரு பெயராவது தெரிய வேண்டுமே!

எஸ்பிரெஸ்ஸோ என்றால் மெஷினில் அழுத்தி இறக்கிய கெட்டி டிக்காஷனாம். சின்னக் கப்பில் இரண்டு வாய்தான். அதிலேயே வெந்நீர் ஊற்றினால் அமெரிக்கானோவாம். லாட்டேயில் பாலையும் நுரையையும் குறைத்தால் ஃபிளாட் ஒயிட்டாம்.

அடப்பாவிகளா! பால் ஏறினால் ஒரு பெயர், இறங்கினால் ஒரு பெயர். நாங்கள் காயப்போட்ட கொட்டைக்கு இத்தனை ஞானஸ்நானமா?

கேட்கக் கேட்க இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. வந்த வேலைகூடக் கொஞ்சம் மறந்துதான் போனது.

“இந்தக் கொட்டை எந்த எஸ்டேட்டுதுங்க?”

“அது தெரியலீங்கம்மா. கேட்டுட்டுச் சொல்றனுங்க.”

வாய்க்கு வந்ததை அடித்துவிடாமல் தெரியாது என்றானே, அது எனக்குப் பிடித்திருந்தது.

குடித்துப் பார்த்தால்தான் புரியும் என்று சின்னக் கப்பில் கொஞ்சம் லாட்டே ஊற்றி நீட்டினான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

சம்பந்தம் பேசி முடியும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. பச்சைத் தண்ணீர் ஒரு வாய் குடித்தாலும் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். காபிக் கடை எப்படி மாப்பிள்ளை வீடாகும் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அவன் கையால் வாங்கிக் குடித்தால் குடித்ததுதான்.

சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன் என்று சொல்லிவிட்டு ஓரத்து மேசையில் போய் உட்கார்ந்தேன். வெளியே தூறல். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பையன் பரவாயில்லை என்று மனசு ஏறக்குறைய முடிவு கட்டிவிட்டது.

வரிசையை ஒரு நிமிடம் நிற்கச் சொல்லிவிட்டு, அவனே ஒரு கப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

பால் இல்லை, நுரை இல்லை. கடுங்காபி. மேலே மிளகுத்தூள் மிதந்தது. தட்டின் ஓரத்தில், சர்க்கரை வைக்கும் இடத்தில், ஒரு சிட்டிகை உப்பு.

மிளகும் உப்பும் போட்டுக் காபி குடிக்கிறவள் இந்த மலையிலேயே நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் மற்றவர்கள் அந்தக் கப்பைக் கண்டாலே எழுந்து போய்விடுவார்கள்.

“பலகையில இது இல்லீங்களே?”

“இல்லீங்க அத்தை. ஃபெபி சொன்னதுங்க.”

போச்சு! நான் உள்ளே நுழையும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபெபியின் போனில் என் படத்தைப் பார்த்திருப்பான். அந்தக் கண்ணாடி டம்ளர், அந்த விரல், அந்தப் பொறுமை எல்லாம் மாமியாருக்குப் போட்ட வேஷம். பஸ் ஏறி வந்து ஏமாந்தேனே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கப்பைத் தள்ளி வைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வாசலைத் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து சிவப்புக் குல்லாய்க்காரர் குரல் கேட்டது. இத்தனை நேரம் உச்சுக் கொட்டியவர், இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“ஏம்ப்பா, அந்தம்மாகிட்ட என்னமோ சொன்னியே, எனக்குச் சரியா வெளங்கல. லாட்டேன்னா என்ன?”

நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடி டம்ளரைக் கவுண்டர் மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

“அடியில டிக்காஷன் இவ்வளவுங்க…”

அதே குரல், அதே நிதானம். இந்த ஆள் அவனுக்குப் பெண் கொடுக்கப் போகிறவர் இல்லை.

மேசைக்குத் திரும்பி வந்து குடையைக் கீழே வைத்தேன். உப்பைப் போட்டுக் கலக்கினேன்.

காபி ஆறிப்போயிருந்தது, மிளகும் கொஞ்சம் தூக்கல். ஞாயிற்றுக்கிழமை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.