இங்கிலீஷ் ஒருசந்தி

"இங்கிலீஷா? ஈஸ்டர் முடியட்டும், அன்னாள். அதுவரைக்கும் என் வாயிலருந்து ஒரு சொல் வராது."

சிலுவைராஜ் வாத்தியார் கையை விரித்தார். ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். கொழுந்துக் கூடையை இறக்காமல் வாசலில் நின்றிருந்தாள் அன்னாள்.

"ஒரே ஒரு வார்த்தை சாரே. எம் மவ நல்லாப் படிக்காளான்னு அந்த வெள்ளக்காரம்மாட்ட கேட்டுச் சொன்னாப் போதும்."

"இந்தத் தபசு காலத்துல நீ எதை விட்டே?"

"கவுச்சி விட்டிருக்கேன்."

"ஒனக்குப் பிடிச்சது கவுச்சி, நீ அதை விட்டே. எனக்குப் பிடிச்சது இங்கிலீஷ், நான் அதை விட்டேன். ஆண்டவருக்கு நேர்ந்துக்கிட்டத மீறச் சொல்லுதியா?"

அன்னாள் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் காலை நகர்த்தவில்லை. "புள்ள ராவும் பகலும் என்னமோ பேசிக்கிட்டேதான் இருக்கா சாரே. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல."

"ஒனக்கு வெளங்கிட்டா அது இங்கிலீஷா? போ, போய்க் கொழுந்தக் கிள்ளு."

ஈஸ்டருக்கு முன்னால் ஆளுக்கொன்றை விட்டு ஒருசந்தி இருப்பது, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழக்கம். சாராயத்தை விட்டவன் உண்டு, வெற்றிலையை விட்டவள் உண்டு. இங்கிலீஷை விட்டவர் வாத்தியார் ஒருவர்தான், அதைக் கேட்டு லயமே புல்லரித்துப் போயிருந்தது.

விடுவதற்கு அவரிடம் இங்கிலீஷ் என்று ஒன்று இருந்தால்தானே! 'ஸிட் டவுன்', 'ஸ்டாண்டப்', நெட்டுருப் போட்ட ஒரு லீவ் லெட்டர். அதற்குமேல் யாராவது இங்கிலீஷில் வாயைத் திறந்தால் மனிதர் அந்த இடத்தைவிட்டே நழுவிவிடுவார்.

வெள்ளைத் துரைமார் போய், எழுபத்து நாலில் கோட்டயத்துக்காரர் ஒருவர் மேனேஜராக வந்ததில் பிடித்தது சனி. "ஈஸ்டர் கழிஞ்சு மறுநாள் வருவேன். பிள்ளைகள் இங்கிலீஷ் பேசணும். பேசினால் ஏழாம் கிளாஸ் வரை ஸ்கூல், மாஷ்தான் ஹெட்மாஸ்டர், தனி குவார்ட்டர்ஸ். பேசலேன்னா வேற மாஷைக் கொண்டுவருவேன்" என்று சொல்லிவிட்டார். ஏழாம் வகுப்பு வராவிட்டால் அன்னாளின் மகளும் ஐந்தாவதோடு கூடை தூக்க வேண்டியதுதான். ஆனால் வாத்தியாருக்குத் தூக்கம் போனது குவார்ட்டர்ஸை நினைத்துத்தான்.

அந்த நேரம் பார்த்துப் பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். "வெளிநாட்டுலருந்து தொண்டு செய்ய வந்திருக்கு, பேரு ரொசெல்லா. பிள்ளைகளோட பேசிப் பழகணும்னு ஆசைப்படுது. கூட்டிட்டுப் போறீரா?"

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். வெள்ளைத் தோலைப் பார்த்த பிறகு வேறென்ன விசாரிப்பது? ஜாம் ஜாம் என்று கூட்டிவந்து வகுப்பில் நிறுத்தினார். பிள்ளைகளைக் காட்டினார், தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அவள் புரிந்துகொண்டு உடனே பேசத் தொடங்கிவிட்டாள். அன்று தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன். தன்னிடமும் அவள் பேச வந்துவிடுவாளே என்று பயந்தபோதுதான் அவருக்கு ஒருசந்தி யோசனை உதித்தது.

அவளால் காரியம் ஆக வேண்டியிருந்ததே தவிர, அவள்மேல் அவருக்கு மதிப்புக் கிடையாது. தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறாள். லயத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு தின்கிறாள். பிள்ளைகளின் வாயைப் பார்த்துத் தமிழ் பழகுகிறாள். துரைமார் சாமான் வாங்கிய பழைய கடையில் ஒரு சோப்புக் கேட்கக்கூடப் பையிலிருந்து குட்டிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். லண்டனில் விலைபோகாத மண்டு ஒன்றை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனசுக்குள் ஏளனம் செய்துகொண்டார் வாத்தியார்.

ஈஸ்டருக்கு மறுநாள் மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. கஞ்சி போட்ட சட்டையில் வாத்தியார் விறைப்பாக நின்றார். அவருடைய திட்டம் சுலபமானது. பேசுவது பிள்ளைகளும் வெள்ளைக்காரியும், புன்னகை செய்வது மட்டும் தன் வேலை.

ரொசெல்லா கண்ணைக் காட்டியதும் பிள்ளைகள் தொடங்கினார்கள். அடேயப்பா! ஒருவரையொருவர் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள், கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அன்னாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குவார்ட்டர்ஸில் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று வாத்தியார் யோசிக்க ஆரம்பித்திருந்தார்.

மேனேஜரின் நெற்றி சுருங்கியது. "மாஷே, இது எந்த பாஷை?"

கோட்டயத்துக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்று வாத்தியாருக்கு இளக்காரம். "லண்டன் இங்கிலீஷ் சார். நம்ம காதுக்குச் சட்டுனு பிடிபடாது. சந்தேகம்னா அந்தம்மாட்டயே கேளுங்க."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். ரொசெல்லா அவசர அவசரமாகக் குட்டிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்றும் அகப்படாமல் அதை மூடிவிட்டு, பிள்ளைகளிடம் பழகிய தமிழில் வெட்கத்தோடு சொன்னாள்:

"நான் இத்தாலிக்காரி சாரே. வாத்தியாருக்குத்தான் இங்கிலீஷ் தெரியும்."