தலைமாட்டுச் செருப்பு

மதியத் தூக்கத்தில் உடம்பு அசையாமல் நெஞ்சு கனக்கிறது என்று விடுதி அறைத்தோழன் செல்வினிடம் சொன்னேன். “அமுக்குவான் பேய்டா. தலைமாட்டுல செருப்ப வச்சுப் படு, அண்டாது” என்று சிரித்தவன், கக்கூசுக்குப் போட்டுப்போகும் தன் ரப்பர் செருப்பையே என் தலையணைக்கடியில் செருகினான். அன்றும் அது வந்தது. கனவென்று தெரிந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மார்பில் குந்தி, தலையணைக்கடியிலிருந்த செருப்பை உருவி அதன் அடியை ஆசையாக நக்கியது. பிறகு ஈரமண்ணும் மயிரும் ஒட்டிய நாக்கை நீட்டியபடி, திறந்திருந்த என் வாயை நோக்கிக் குனிந்தது. விரல்கூட அசையவில்லை. இருந்த பலத்தையெல்லாம் தாடையில் திரட்டினேன். வாய் மூடிக்கொண்டது, கொஞ்சம் தாமதமாக. விழித்தபோது செல்வின் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தான். “டேய், என்னத்தடா மெல்லுற? துப்பு!” துப்பினால் இருவரும் அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.