நிறைமதி எழுதிய பிழை அறிக்கை

உள்ளே ஓடும் மூலநிரலை, அதாவது சோர்ஸ் கோடை, திறந்து படிக்க முடியாத எந்தக் கருவியும் சேந்தன் வீட்டு வாசற்படியைத் தாண்டாது. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே லினக்ஸ் என்ற திறந்த கணினி மென்பொருளைச் சொல்லிக்கொடுத்து அவர் வளர்த்த மகள் நிறைமதி, பதினோரு வயதுக்குள் மிக்ஸியையும் அழைப்பு மணியையும் தன் சொல்பேச்சு கேட்க வைத்துவிட்டாள்.

ஒரே ஒரு கருவிக்கு மட்டும் விதிவிலக்கு. போன வருடம் சேந்தனின் நெஞ்சுக்குள் வைத்துத் தைத்த, இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் அது.

இன்று காலை அது ஒன்பது நொடி சும்மா இருந்துவிட்டது. சேந்தன் மாடிப்படியில் சுருண்டு விழுந்தார். கம்பெனிக்குப் போன் செய்தால், "பழுதுன்னு எதுவும் பதிவாகலைங்களே" என்றது ஓர் இனிமையான குரல்.

நிறைமதி லேப்டாப்பை அவர் மார்பருகே வைத்து ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள்.

"உள்ளயே விடமாட்டேங்குதுப்பா. இதோட சோர்ஸ் கோடு எங்க இருக்கு?"

"அதை நமக்குக் காட்டமாட்டாங்க கண்ணு."

"அப்புறம் எதுக்குப்பா இதை வச்சீங்க?"

அவர் சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொண்டார். அவள் கம்பெனிக்கு அனுப்பப் பிழை அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பிழையை மறுபடி வரவழைத்துக் காட்டினால்தான் அடுத்தவர் நம்புவார் என்பது அவர் நடத்திய முதல் பாடம்.

எழுதி முடித்ததும் வாங்கிப் படித்தார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எல்லாம் சரியாக இருந்தது. பிழையை மறுபடி வரவழைக்கும் வழி என்ற இடத்தில் மட்டும், "வேண்டாம்ப்பா" என்று எழுதியிருந்தாள்.