வெளியீட்டு விழாவில் வாசிக்கலாமா?

புத்தக வெளியீட்டு விழாவில் உட்கார்ந்து யாராவது புத்தகத்தைப் படிப்பார்களா? கொஞ்சமாவது நாகரிகம் வேண்டாமா?

மேடையில் டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் சிறப்புரை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே, முன்வரிசையில் சர்ரென்று பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள் உஷாந்தி. மஸ்ஜித் தானா டவுனில் வங்கி வேலை பார்ப்பவள். கிழித்ததோடு விட்டாளா? புத்தகத்தை மடியில் விரித்துப் படிக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

கழுத்தில் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் கோகுலராஜுக்கு வியர்த்துக் கொட்டியது.

"சுசீ, அந்தப் பொம்பள படிக்குது லா!" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் முணுமுணுத்தார்.

"புத்தகம்னா படிக்கத்தாங்க செய்வாங்க. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் சுசீலா.

சொல்லத்தான் செய்தாள். இந்த நாவலுக்காக ஒரு வருஷம் ராப்பகலாக உழைத்திருந்தார் கோகுலராஜ். தலைப்புக்கு ஃபேஸ்புக்கில் ஓட்டெடுப்பு நடத்தினார். 'டோல் தாண்டினால் நிலா' ஜெயித்தது. அட்டைப்படத்தைப் பாதி பாதியாக வெளியிட்டார். ஆயர் குரோவில் இருக்கும் தன் வீட்டு மேசையில் பேனாவும் கோப்பியுமாக விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டார். இன்னும் இத்தனை நாள்தான் என்று தினமும் எண்ணிக் காட்டினார். உள்ளூரில் அச்சடிப்பதா, சென்னைக்கு அனுப்புவதா என்று லைவில் வந்து மணிக்கணக்காக விவாதித்தார். மண்டபம் பிடித்தார். டத்தோவிடம் தேதியும் வாங்கிவிட்டார்.

எழுதத்தான் நேரம் கிடைக்கவில்லை. முதல் அத்தியாயத்தோடு நாவல் நின்றுவிட்டது.

அதற்காக டத்தோவின் தேதியை மாற்ற முடியுமா? ஸ்டோர் ரூமில் விற்காமல் கிடந்த தன் பழைய நாவல் 'லயத்து வெயில்' பெட்டிகளை இறக்கினார். தலைப்புப் பக்கத்தைக் கிழித்தார். புது அட்டையைப் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டார்.

"யாராச்சும் பிரிச்சிட்டா?" என்று அன்றைக்கே கேட்டாள் சுசீலா.

"நம்ம ஆளுங்களா? படம் எடுத்துக்குவாங்க, ஷோகேஸ்ல வைப்பாங்க. ரெண்டாம் பதிப்புல உள்ள இருக்கறத மாத்திக்கலாம் லா!"

அவர் போட்ட கணக்குச் சரியாகத்தான் இருந்தது. உரைக்கு முன்பே முதல் நூலை டத்தோ வாங்கியிருந்தார். பிறகு ஒவ்வொருவராக மேடையேறி, பணக் கவரைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கினார்கள். நாற்காலிக்குத் திரும்புவதற்குள் கைப்பேசியில் விமர்சனமும் எழுதிவிட்டார்கள்.

கோகுலராஜ் மாலைக்குப் பின்னால் கைப்பேசியை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

'முந்தைய நாவலில் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தவர், இதில் நகரத்துக்குள் துணிந்து நுழைகிறார்' என்று எழுதியிருந்தார் கவிஞர் பிச்சைமுத்து.

'லயத்து வெயில் வெறும் முயற்சி. இதுதான் சாதனை. என்ன ஒரு வளர்ச்சி!' என்றார் எழுத்தாளர் சங்கச் செயலாளர் காந்தன்.

இரண்டையும் ஷேர் பண்ணிவிட்டு நிமிர்ந்தால், உஷாந்தி இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைப் புரட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கி அவரையே பார்த்தாள்.

இவருடைய ஒரு பதிவுக்குக்கூட லைக் போடாதவள். பொறாமை பிடித்தவள் என்று சங்கத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இப்போது ஒரே ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாள் என்றால் போதும், மலாக்கா முழுக்க நாறிவிடும். அப்புறம் எந்த மேடையிலும் யாரும் நாற்காலி போட மாட்டார்கள்.

விழா முடிந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்கு ஓடியது. உஷாந்தி மட்டும் நேராகப் புத்தக மேசைக்கு வந்தாள்.

"மிச்சம் இருக்கிறது எல்லாத்தையும் நான் எடுக்கிறன், அண்ணா. கார் வரைக்கும் தூக்கித் தர முடியுமா?"

அப்பாடா, கண்டுபிடிக்கவில்லை! கோகுலராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'வாசகி ஒருவர் மிச்சமிருந்த அத்தனை பிரதிகளையும் அள்ளிச் சென்றார்! விற்றுத் தீர்ந்தது!' என்று முதலில் ஒரு பதிவு போட்டார். அதற்கப்புறம்தான் பெட்டியைத் தூக்கினார்.

"அவ்ளோ பிடிச்சிருச்சா, சிஸ்டர்?"

"பிடிச்சிருக்கு அண்ணா. போன தடவையும் பிடிச்சது."

கோகுலராஜின் கால் அங்கேயே நின்றது.

"வேலாயி ரப்பர் பால் வாளியைத் தூக்கிக் கொட்டிட்டு வேலையை விட்டுப் போற இடம் இருக்குதே, அப்பவும் அழுதன், இப்பவும் அழுதன்."

"நீங்க... ஒரு லைக்கூட போட்டதில்லையே!"

"பதிவுக்குத்தானே போடல. உங்கட நாவல ரெண்டு தடவை படிச்சிட்டனே."

"சிஸ்டர், வெளிய சொல்லிடாதீங்க, ப்ளீஸ்..."

"சொல்றதுக்கா இவ்வளவையும் வாங்கினன்? வேற யாரும் பிரிச்சுப் பார்த்துடக் கூடாதெண்டுதான். நல்லா எழுதுற ஆள் நீங்க. போய்ப் புது நாவலை எழுதுங்க. எழுதி முடிச்சதும் இதுகளை வந்து எடுத்துட்டுப் போங்க."

கோகுலராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பொறாமைக்காரி என்று சொன்ன வாய் கூசியது. அடுத்த நொடியே இன்னொரு பயம் வந்தது.

"ஆனா, ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்க...?"

உஷாந்தி காரின் பின்கதவைச் சாத்தினாள்.

"அவங்களப் பத்திப் பயமே வேண்டாம், அண்ணா. அதுதான் விமர்சனம் எழுதிட்டாங்களே, இனிமே எதுக்குப் பிரிக்கப் போறாங்க?"