பச்சைத் தண்ணீர்

லாரியின் சின்ன டேங்கின் நீல மூடியைத் திருகித் திறந்து, ஓர் ஈர்க்குச்சியை உள்ளே விட்டு எடுத்தான் மெக்கானிக் இசக்கிபாண்டி. நுனியில் நின்ற சொட்டை லாரியின் பம்பரில் வைத்தான்.

எப்போதும்வென்றான் ஊருக்குப் பிரியும் விலக்கைத் தாண்டி, சாலையோரம் நின்றது அந்த மினி லாரி. சுற்றிலும் வெடித்துக் கிடந்தது கரிசல். வெயிலுக்கு ஒதுங்க லாரியின் நிழலைத் தவிர வேறு நிழல் இல்லை.

அந்த நிழலில் நின்று சாமித்துரை போனில் பேசிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் கொம்பையாவின் அண்ணன்.

"கோவப்படாதீங்க மாப்ள. பொண்ணக் கூட்டிக்கிட்டு நாகலாபுரத்துக்கு உங்க வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கோம். வண்டி இழுக்க மாட்டேங்குது, அதான்."

கேபினுக்குள் கொம்பையாவின் மகள் முத்துச்செல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. அந்தக் கொதிப்பிலும் முந்தானையைக் கழுத்தோடு சுற்றியிருந்தாள்.

தண்ணீர் குடிக்க அவள் அண்ணாந்தபோது முந்தானை நழுவியது. கழுத்தில் விரல்கள் பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது.

இசக்கிபாண்டி பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

ஆட்புளூ விளக்கு எரிந்து, வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது என்றுதான் கொம்பையா அவனை வரச் சொல்லியிருந்தார். புகையைச் சுத்தம் செய்கிற அந்த யூரியாக் கரைசல் சரியில்லை என்றால் இந்த வண்டிகள் அப்படித்தான் அடம்பிடிக்கும்.

வயரைப் பார்த்தாயிற்று. பியூஸ் நன்றாக இருந்தது. நாசிலைக் கழற்றிப் பார்த்தான், அடைப்பில்லை. கடைசியாகத்தான் டேங்குக்கு வந்திருந்தான்.

பம்பரில் வைத்த சொட்டு அதற்குள் காய்ந்துவிட்டது. ஆட்புளூவாக இருந்தால் உப்புப் பூத்தாற்போல் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அங்கே ஒன்றுமே இல்லை.

"அண்ணாச்சி, இது பச்சத் தண்ணி. எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான். எங்க வாங்குனீய?"

கொம்பையா லாரிக் கண்ணாடியில் தூசி படிந்தாலே துண்டை எடுத்துத் துடைக்கிற மனிதர். அண்ணன் நிற்கிற பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"சத்தம் போடாத தம்பி. நாந்தான் ஊத்துனேன்."

இசக்கிபாண்டி அவர் முகத்தைப் பார்த்தான். பல நாள் தூங்காத முகம்.

"நேத்தே ஊத்திட்டேன். ஊருக்குள்ளயே நின்னுரும்னு பாத்தேன். இம்புட்டுத் தூரம் வந்துட்டு." குரல் இன்னும் தாழ்ந்தது. "பஞ்சாயத்துல அத்தன பேரு முன்னால, புருசன் வீட்டுக்கு அனுப்பி வைக்குதேன்னு சொல்லிட்டேன்லா."

இசக்கிபாண்டியின் பைக்கில் புது ஆட்புளூ கேன் கட்டியிருந்தது. டேங்கைக் கழுவி ஊற்றினால் வண்டி போய்விடும். மூடியைத் திருகி மூடினான். கையைத் துடைத்துக்கொண்டே சாமித்துரை பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னான்.

"பெரியவரே, இன்னைக்கு இது நாகலாபுரம் போய்ச் சேராது. மெதுவா உருட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பிருங்க."

"அதுக்கென்ன? எட்டயபுரத்துல டாக்சிக்குச் சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்கு" என்றார் சாமித்துரை.

கொம்பையா அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளைக் கார் வந்து லாரிக்குப் பின்னால் நின்றது. டிரைவர் இறங்கி டிக்கியைத் திறந்து வைத்தான். சாமித்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"ஏட்டி செல்வி, எறங்கு. நேரமாகுதுல்லா."

முத்துச்செல்வி பையை எடுத்துக்கொண்டாள். யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தாள்.

கொம்பையா கல்லை விட்டு எழுந்தார். நேராகக் கேபினுக்குப் போனார். படிக்குக் கீழே போய் வழியை அடைத்தாற்போல் நின்றார்.  

அண்ணனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எறங்காத தாயி."